ஜட்கா சத்திபாபுவின் சுருள் முடி

ரோகிணி கார்த்தி என்னும் கடும் வெயில் காலம் பிறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஐதராபாத் யூசுஃப்குடா வீட்டு மாடித் தொட்டியில் காலை எட்டு மணிக்கே தண்ணீர் சுட்டது. இந்த வெக்கையில் மாணிக்யம் அடுப்பு முன்னால் நின்று ஏழு கிலோ உளுந்தை ஈடு ஈடாக வறுத்துக்கொண்டிருந்தாள். மகளைக் கல்யாணம் கட்டி அனுப்பும்போது கூடவே சாரெ என்று பலகாரச் சீர் அனுப்ப வேண்டும். அதில் உளுந்து உருண்டை இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் பேரன் எடுக்கும்வரை சொல்லிக் காட்டுவார்கள். உளுந்து சிவக்க வேண்டும், கருகக் கூடாது. கரண்டியை ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் போச்சு. அவள் கரண்டியையும் நிறுத்தவில்லை, வாயையும் நிறுத்தவில்லை.

"பதினாறாந் தேதி முகூர்த்தம். இன்னிக்குத் தேதி இருபத்தெட்டு. காதுல விழுதா உங்களுக்கு?"

கூடத்துக் கண்ணாடி முன்னால் அவள் புருஷன் ஒரு பென்சிலில் முடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். மகள் பார்கவி பள்ளிக்கூடத்தில் ஜியாமெட்ரி பெட்டியில் வைத்திருந்த பென்சில் அது. மகள் பேங்கில் ஆஃபீசர் ஆகிவிட்டாள், பென்சில் இன்னும் அப்பாவிடம்தான் இருந்தது.

"விழுது, விழுது."

"விழுந்து என்ன புண்ணியம்? கல்யாணம் நடந்த வீட்டுல ஆறு மாசத்துக்கு யார் தலையிலயும் கத்தி படக் கூடாது. அதுக்குள்ள அவ வயித்துல ஒண்ணு வந்துச்சுன்னா அப்புறம் அதுக்கு ஒரு காரணம் சொல்வீங்க. பொண்ணு இந்த வாசலைத் தாண்டறதுக்குள்ள திருமலைக்குப் போயாகணும். இல்லேன்னா வெங்கன்னா சாமி பாக்கியைத் தலையில சுமந்துகிட்டுத்தான் அவ மாமியார் வீட்டுக்குப் போவா."

"கன்டின்யூட்டி இருக்கு மாணிக்யம்."

பத்தொன்பது வருஷமாக அவள் கேட்டுவரும் பதில் இது. முதலில் இந்த வார்த்தைக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது. ஏதோ பெரிய வியாதியின் பெயர் என்று நினைத்தாள். பாதி சீன் எடுத்த நடிகன் மீதி சீனுக்கும் அதே தலையோடு, அதே மீசையோடு வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதற்காகவா சாமியைப் பத்தொன்பது வருஷம் வாசலில் நிறுத்தி வைப்பார்கள்?

பார்கவிக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. டாக்டர் கையை விரித்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி மாணிக்யம் ஏழுமலையானுக்கு வேண்டிக்கொண்டாள். அவசரத்தில் மனுஷி என்ன வேண்டுவாள்? தன் முடியை வேண்டியிருக்கலாம், குழந்தை முடியை வேண்டியிருக்கலாம். வீட்டிலேயே விலை உயர்ந்த பொருள் எதுவோ அதைத் தருகிறேன் என்று மனசு ஓடியது. வீட்டில் அப்போது விலை உயர்ந்த பொருள் புருஷனுடைய நெற்றிமுடிதான். "அவர் தலையை உனக்குத் தர்றேன் சாமி, பிள்ளையை எனக்குத் தா" என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து தயிர்சாதம் கேட்டது. சாமி தன் வாக்கைக் காப்பாற்றிவிட்டார்.

அவள் புருஷன் சத்திபாபு சாமர்லகோட்டைப் பக்கத்துக்காரர். அப்பா வைத்த பெயர் மேடிசெட்டி சத்யநாராயணா. நாடகக் கம்பெனியில் பெஞ்சு தூக்கி, வேஷம் கட்டி, மெட்ராசுக்குப் போய்ப் பட்டினி கிடந்து, சினிமா ஐதராபாத்துக்கு வந்தபோது தானும் கூடவே வந்து சேர்ந்தவர். முதல் பெரிய படத்தில் ஜட்கா வண்டிக்காரன் வேஷம். வண்டியில் ஏறியவர்களிடம் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்வான். சொல்லிவிட்டுக் கீழுதட்டைப் பிதுக்கி மேல்நோக்கி ஒரு ஊது ஊதுவான். நெற்றியில் தொங்கும் சுருள் முடி எழும்பி ஆடி மறுபடி விழும். "நம்பிக்கை இல்லேன்னா குதிரையைக் கேளுங்க பாபு!" என்பான். தியேட்டரில் விசில் பறந்தது. அன்று முதல் அவர் ஜட்கா சத்திபாபு. சலூன்களில் பையன்கள் ஜட்கா கட்டிங் கேட்டார்கள். நானூறு படம் நடித்தார். போலீஸ்காரராக, புரோகிதராக, எமதர்மனின் குமாஸ்தாவாக வந்து, எல்லாவற்றிலும் ஒரு தடவையாவது ஊதினார்.

அந்த முடிக்கு வீட்டில் நடந்த உபசாரத்தை மாணிக்யத்தைத் தவிர யாரறிவார்? ஞாயிறு விட்டு ஞாயிறு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் சாயம் அடிப்பவள் அவள். முட்டை வெள்ளைக்கருவைத் தடவிவிடுபவளும் அவள்தான். பின்மண்டை வழுக்கையாகி நடுமண்டையும் காலியான பிறகு, மிச்சமிருந்த முடியையெல்லாம் முன்னால் இழுத்துக் கட்டி அந்த ஒரு சுருளை ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். தெய்வத்துக்குத் தர வேண்டிய பொருள் கண்ணெதிரே தானாகக் கொட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது. இன்னும் நாலு வருஷம் போனால் வெங்கன்னாவுக்குக் கொடுக்க என்ன இருக்கும், பென்சிலா?

"அந்தக் கோர்ட்டு சீன் நாலு நாள் பாக்கி" என்றார் சத்திபாபு பென்சிலை உருவிக்கொண்டே. "முடிஞ்ச மறுநாள் திருமலை. சத்தியம்."

"சங்கராந்திக்கும் இதையேதான் சொன்னீங்க."

"சினிமா என்ன உன் உளுந்தா, நினைச்ச நேரத்துக்கு வறுக்க?"

"அப்ப உங்க அப்பா செத்தப்போ மட்டும் எப்படி மொட்டை போட்டீங்க? அப்ப எங்க போச்சு கன்டின்யூட்டி?"

"அது அப்பா."

"இது சாமி! அப்பாவுக்குக் கொடுத்ததைச் சாமி கணக்குல வரவு வெப்பாருன்னு நினைச்சீங்களா?"

சத்திபாபு தொப்பியை எடுத்து, சுருள் நசுங்காதபடி பதவிசாகத் தலையில் வைத்துக்கொண்டு, ஷூட்டிங்குக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனார். அந்த நேரத்துக்கு உளுந்து ஒரு ஈடு கருகிப் போயிருந்தது. மாணிக்யம் அதைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

பதினோரு மணிக்குக் கேசவுலு வந்தான். இருபத்தெட்டு வருஷமாகச் சத்திபாபுவுக்கு மேக்கப் போட்டவன். இப்போது வேலை குறைந்து, டி.வி. சீரியல் மாமியார்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தான். பார்கவிக்குப் பட்டுப்புடவை கொண்டுவந்திருந்தான். மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்து, மோர் குடித்து, நெய் பிடித்த உருண்டை இரண்டைத் தின்றான். மூன்றாவதைக் கையில் எடுத்துக்கொண்டு தயங்கினான். சத்திபாபு அவனுக்கு அன்னய்யா என்றால் மாணிக்யம் வதினா, அண்ணி.

"வதினா, கோவிச்சுக்க மாட்டீங்கன்னா ஒண்ணு சொல்லணும்."

"உருண்டையில நெய் பத்தலையா?"

"நெய்யெல்லாம் ஒழுகுது. வேற விஷயம். நீங்க அந்த வேண்டுதல்ல கொஞ்சம் விட்டுக் கொடுத்திருக்கலாம்."

"என்னது?"

"மனசுல பட்டதைச் சொல்றேன். பத்து வருஷத்துல அன்னய்யாவுக்கு இப்படி ஒரு வேஷம் வந்ததில்ல. முழுப்படமும் அவர்தான். கோதாவரியில படகு ஓட்டற ஆளு. பாதிப் படம் சிரிக்க வெக்கணும். அப்புறம் மகன் ஆத்துல போயிடறான். பதினோராம் நாள் மொட்டையோட, அவன் சாகலைன்னு சொல்லிக்கிட்டு ஊர் ஊரா தேடுறாரு. அந்த டைரக்டர் பையன் ப்ரணீத் நாலு தடவை வந்து கேட்டான். மொட்டை போடணுமேன்னு அன்னய்யா மாட்டேன்னுட்டாரு."

மாணிக்யம் கையில் பிடித்துக்கொண்டிருந்த உருண்டை அப்படியே உதிர்ந்தது.

"ஏன் மாட்டேன்னாராம்?"

"உங்களாலதான். 'இந்த முடி வெங்கன்னாவுக்குச் சொந்தம். சினிமாவுக்காக எடுத்தா என் பெண்சாதி என்னை வீட்டுக்குள்ள விட மாட்டா'ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டே சொன்னாரு வதினா. சினிமாக்காரங்க இருக்கற கிருஷ்ணா நகர் பூரா உங்களைத்தான் பேசுது."

"கேசவுலு, இப்ப அந்தக் கோர்ட்டு சீன் எங்க நடக்குது?"

"எந்தக் கோர்ட்டு சீன்? ஓ, அதுவா? அந்தப் படம் சங்கராந்திக்கு முன்னாடியே நின்னு போச்சே. தயாரிப்பாளர் பெல்லாரிக்கே திரும்பிப் போயிட்டாரு."

"அப்ப இவரு தினம் எங்க போறாரு?"

கேசவுலுவுக்கு அப்போதுதான் தான் எங்கே கால் வைத்திருக்கிறோம் என்று புரிந்தது. மூன்றாவது உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டான். "க்ளப்புல சீட்டாடுவாரு" என்று தரையைப் பார்த்துச் சொன்னான்.

மாணிக்யம் கத்தவில்லை. கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அவனிடம் அந்த டைரக்டர் நம்பரைக் கேட்டு வாங்கினாள். மறுமுனையில் பேசியவன் குரலில் மீசை முளைத்ததே சந்தேகமாக இருந்தது. ஆனால் மரியாதை தெரிந்த பிள்ளை.

"அம்மா, நமஸ்காரம்மா. நான் நேர்லயே உங்ககிட்ட வந்து கேக்கலாம்னுதான் நினைச்சேன். சார்தான் வேண்டாம்னாரு."

"ஏன் வேண்டாம்னாரு?"

"நீங்க செருப்பைத் தூக்குவீங்கன்னு சொன்னாரும்மா."

"இன்னும் எத்தனை நாள் காத்திருப்பே?"

"இந்த வாரம் வரைக்கும்மா. அப்புறம் வேற ஒருத்தரைப் பேசியாகணும். ஆனா எழுதும்போதே எனக்குச் சார் முகம்தான் தெரிஞ்சுது."

அவள் போனை வைத்தாள். சினிமாவிடம் சாமியைக் காட்டியிருக்கிறார், சாமியிடம் சினிமாவைக் காட்டியிருக்கிறார். நடுவில் தன்னை ஒரு ராட்சசியாக்கி ஊர் முழுக்க நிறுத்தியிருக்கிறார். இந்த மனுஷனுக்காகவா எத்தனையோ வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாயம் அடித்தோம் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கல்யாண வீட்டில் அழக் கூடாது என்று அடக்கிக்கொண்டு, மிச்ச உருண்டைகளைப் பிடித்து டின்னில் அடுக்கினாள். அவை வழக்கத்தைவிடக் கெட்டியாக இருந்தன.

சாயங்காலம் புழுதிக் காற்று அடித்து நாலு தூறல் போட்டது. பார்கவி பேங்கிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சத்திபாபு தொப்பியைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"அப்பப்பா! என்ன லைட்டு, என்ன சூடு. ஜட்ஜு வேஷம் போட்டவன் மயக்கம் போட்டே விழுந்துட்டான்."

சொல்லிவிட்டுக் கீழுதட்டைப் பிதுக்கினார்.

"ஊதாதீங்க!" என்று கத்தினாள் மாணிக்யம். "ஜட்ஜு விழுந்தாரா, ஜோக்கர் விழுந்துச்சா?"

சத்திபாபு மகளைப் பார்த்தார். மகள் டீயைப் பார்த்தாள்.

"கேசவுலு வந்தானா?" என்றார் மெதுவாக.

"வந்தான். அந்த ப்ரணீத்கிட்டயும் பேசிட்டேன். நான் செருப்பைத் தூக்குவேனாமே? முப்பது வருஷத்துல ஒரு தடவை தூக்கியிருக்கேனா? இப்ப தூக்கவா?"

"மாணிக்யம், அது வந்து..."

"ரெண்டு பக்கமும் ஒரே மொட்டையைத்தானே கேட்டாங்க! ஒரே கத்தியில சாமியும் சந்தோஷப்பட்டிருப்பாரு, சினிமாவும் கிடைச்சிருக்கும். இந்த மாதிரி யாருக்காவது கூடி வருமா? எதுக்கு இப்படிப் பண்ணினீங்க? இந்த நாலு மயிருல என்னதான் இருக்கு?"

சத்திபாபு நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

"அப்பா காரியம் முடிஞ்சு நான் ஊர்லேர்ந்து திரும்பினேன்ல" என்றார். "சாமர்லகோட்டை ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். மொட்டைத் தலை. எதிர்ச் சுவத்துல என் போஸ்டர். அது முன்னாடி நாலு பசங்க என்னை மாதிரியே ஊதிப் பாத்து விளையாடறாங்க. நான் பக்கத்துல போய் நின்னேன். ஒருத்தனும் திரும்பலை. டீக்காரன்கிட்ட, 'நம்பிக்கை இல்லேன்னா குதிரையைக் கேளுங்க பாபு'ன்னேன். என் குரல்லயே சொன்னேன். அவன் என்னை மேலயும் கீழயும் பாத்தான். 'பெரியவரே, கூட யாராவது வந்திருக்காங்களா?'ன்னு கேட்டான்."

பார்கவி டீயை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள்.

"பைத்தியம்னு நினைச்சுட்டான். அதான் விஷயம். எனக்கு நடிப்பு வரும்னு ஊரே சொல்லுது. எனக்கு வரலைம்மா, இந்த முடிக்குத்தான் வந்துச்சு. இதையும் எடுத்துட்டா நான் கேமரா முன்னாடி போய் நின்னு என்ன பண்ணுவேன்? நான் நிப்பேன், ஒருத்தனும் சிரிக்க மாட்டான். அதை வயசான காலத்துல பாக்கணுமா?"

மாணிக்யத்துக்குப் பாவமாக இருந்தது. ஆனால் இந்த ஒரு பாவத்தைப் பார்த்துப் பார்த்துத்தானே இந்த மனுஷன் இப்படி ஆனார் என்றும் தோன்றியது.

"இதை அன்னிக்கே என்கிட்ட சொல்லியிருந்தா என்ன?"

"உன்கிட்டயா? நீ உடனே மொட்டை போடச் சொல்லியிருப்பே."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். பார்கவி, நாளைக்கு நாராயணாத்ரி ரயில்ல ரெண்டு டிக்கெட் போடு."

"நீயாவது அம்மாகிட்ட சொல்லேம்மா. கல்யாண வீடியோவுல சம்பந்தி வீட்டுக்காரங்க என்னை ஊதச் சொல்லிக் கேட்டிருக்காங்க" என்றார் சத்திபாபு.

பார்கவி போனை எடுத்து டிக்கெட்டைத் தேட ஆரம்பித்திருந்தாள். "நான்னா" என்று அப்பாவைக் கூப்பிட்டாள். "ஆறு வயசுலேர்ந்து என் உசுரைச் சொல்லியே நீங்க ரெண்டு பேரும் சண்டை போடறீங்க. பதினாறாந் தேதி நான் கல்யாணமாகி என் வீட்டுக்குப் போறதுக்குள்ள இதை முடிச்சிட்டு வந்து சேருங்க. லோயர் பெர்த் ஒண்ணுதான் இருக்கு. யாருக்கு?"

"எனக்கு" என்றாள் மாணிக்யம்.

திருமலையில் முடி இறக்கும் கல்யாணகட்டா வாசலில் கூட்டம் நெரிந்தது. சத்திபாபு தொப்பியும் மாஸ்க்குமாக, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற மாதிரியும் கண்டுபிடித்தால் நல்லது என்ற மாதிரியும் நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போனையும் கண்ணாடியையும் தொப்பியையும் மாஸ்க்கையும் மாணிக்யத்திடம் கொடுத்துவிட்டு, டோக்கனோடு உள்ளே போனார். அவள் பையையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு வெளியே நின்றாள். பத்தொன்பது வருஷப் பாரம் இறங்கப்போகிறது என்று நிம்மதிதான் வந்திருக்க வேண்டும். உள்ளே போனவர் பின்வாசல் வழியாக ஓடிவிடுவாரோ என்ற கவலைதான் வந்தது.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. உள்ளிருந்து மொட்டைகள் வந்துகொண்டே இருந்தன. குளித்து, சந்தனம் பூசி, வெள்ளை வேட்டி கட்டி, எல்லாரும் ஒன்றுபோலவே வந்தார்கள். அவள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள், திரும்பி வந்தாள். ஒரு மொட்டையைத் தோளைத் தொட்டுத் திருப்பினால் அவர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். ஒன்றேகால் மணி ஆனதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. விசாரணைக் கவுண்டருக்குப் போய் வரிசையில் நின்றாள். மைக்கில் தொலைந்துபோன ஒரு பாட்டியைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் முறை வந்தது.

"ஆள் பேரு?" என்றார் கவுண்டர்காரர்.

"மேடிசெட்டி சத்யநாராயணா."

"வயசு?"

"அறுபத்தொண்ணு. கேட்டா அம்பத்து நாலும்பாரு."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"என்ன உடுப்பு?"

"வெள்ளை வேட்டி."

"அடையாளம்?"

"மொட்டை."

"அம்மா, இங்க நானே மொட்டைதான். வேற ஏதாவது சொல்லுங்க."

மாணிக்யம் யோசித்தாள். ஜட்கா சத்திபாபு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல அவளுக்கு இஷ்டமில்லை. "பொய் சொல்வாரு" என்றாள். "காலையில எழுந்ததும் ஆரம்பிச்சா ராத்திரி தூங்கற வரைக்கும் சொல்வாரு. வேலைக்குப் போறேம்பாரு, சீட்டாடப் போவாரு. பெண்டாட்டி செருப்பால அடிப்பாள்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. பத்தொன்பது வருஷமா சாமியையே ஏமாத்தின ஆளு. எழுதிக்கோங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. கவுண்டர்காரர் பேனாவை வைத்துவிட்டார்.

"பயந்தாங்கொள்ளின்னும் ஒண்ணு சேத்து எழுதிக்கோங்க சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மாணிக்யம் வெடுக்கென்று திரும்பினாள். நெற்றி, மண்டை, காதெல்லாம் சந்தனம் அப்பிய ஒரு கிழவர் நின்றிருந்தார். "நீங்க யாருய்யா நடுவுல? என் புருஷனைத் திட்டறதுக்கு எனக்குத் தெரியாதா?"

அந்தக் கிழவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "திட்டுங்கம்மா, நல்லாத் திட்டுங்க. அந்த ஆளை எனக்கும் கொஞ்சம் தெரியும். எனக்கும் அவனைப் புடிக்காது."

சிரிப்பு வரிசையின் கடைசிவரை போய்த் திரும்பியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் குழந்தையைப் பக்கத்தவளிடம் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். கவுண்டர்காரர் மேஜையில் கையை அடித்தார். அப்போதுதான் மாணிக்யம் அந்தக் கண்களைப் பார்த்தாள். அவை அவளைப் பார்க்கவில்லை. சிரிப்பு எங்கே ஆரம்பித்தது, எவ்வளவு தூரம் போகிறது, எப்போது அடங்கும் என்று அளந்துகொண்டிருந்தன. முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குப் புருஷனை அடையாளம் தெரியவில்லையே என்று அவளுக்கு அவமானம் பொங்கியது.

"இங்கதான் இருந்தீங்களா? வாயைத் திறந்து கூப்பிடறதுக்கு என்ன?"

"ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போனே" என்றார் சத்திபாபு. "நீயே தாண்டிப் போனியா, சரி, இதோட முடிஞ்சுதுன்னு நின்னுட்டேன். அப்புறம் நீ இங்க நின்னு திட்ட ஆரம்பிச்சே. நடுவுல டயலாக் போட ஒரு இடம் விட்டே பாரு, என்னால சும்மா இருக்க முடியலை."

"இவர்தான்னு நிச்சயமாத் தெரியுமாம்மா? நல்லாப் பாத்துக்கோங்க" என்றார் கவுண்டர்காரர்.

"இவரேதான். இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்க வேற யாருக்கு வரும்?" என்று சொல்லி, மாணிக்யம் அவர் கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

வெளியே காற்று குளிர்ந்திருந்தது. அவர் மண்டையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மாணிக்யம், அவங்களுக்கு நான் யாருன்னு தெரியாது. கவனிச்சியா?"

"கவனிச்சேன்."

"ஒருத்தருக்குக்கூடத் தெரியாது. ஆனாலும் சிரிச்சாங்க."

"சிரிச்சாங்க, சிரிச்சாங்க. கண்ணைத் துடைங்க."

"சந்தனம் பட்டுடுச்சு" என்றார். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். இந்த ஒன்றை விட்டுவிட்டாள். பையிலிருந்து போனை எடுத்து, ப்ரணீத் நம்பரைத் தட்டி, அவர் கையில் கொடுத்தாள்.

"நமஸ்காரம் தம்பி. நான்தான். ஆமா, எடுத்தாச்சு. திருமலையிலதான் இருக்கேன். இல்ல இல்ல, எங்க வீட்டம்மா தங்கம், அவங்கதான் கூட்டிக்கிட்டு வந்தாங்க. நீங்க சீக்கிரம் வெச்சுக்கோங்க தம்பி, வெயில் காலம், முடி மளமளன்னு வளந்துடும்." அவர் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றார். குரலில் பத்து வயது குறைந்திருந்தது. "எந்தத் தேதி? பதினாறா? பதினாறாந் தேதி நான் ஃப்ரீதான் தம்பி. எனக்கு என்ன வேலை? ஒரு வேலையும் இல்ல."

மாணிக்யம் பாய்ந்து போனைப் பிடுங்கினாள்.